சனம் என்ன கதைக்கும்?

2025 ஆம் ஆண்டு பட்டிப்பொங்கல் அன்று காலையில் என் மகள் குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்" என்றாள். நான் முதல்நாட் பொங்கற்பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய குரலிலேயே விசயம் என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. இருபத்துநான்கு வயதுப் பிள்ளை தன் வீட்டுக் குசினி வாசலில் நின்று அனுமதி கேட்பதென்றால் வேறு என்னவாக இருக்கும்?

வேலை செய்யும் இடத்தில் பழகிய ஒருவரை இரண்டு வருடங்களாக விரும்புவதாகச் சொன்னாள். அவருடைய வீட்டார் கிளிநொச்சியில் இருக்கிறார்கள். பாட்டனார் மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். 1977 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் குடிப்பவரா, உழைப்பாளியா, உன்னை மதித்து நடப்பவரா என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் என் வாயில் முதலாவதாக வந்த வார்த்தை வேறு.

"சனம் என்ன கதைக்கும் பிள்ளை?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் திடுக்கென்றது. அது என்னுடைய சொல் அல்ல. 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டவுடன் என்னைத் தேடி மல்லாவிக்கு வந்த என் அம்மா, இரவு விளக்கைத் தணித்த பிறகு என் காதருகில் கேட்ட சொல். அதே இழுவை, அதே பெருமூச்சு. அன்று அந்தச் சொல்லைக் கேட்டு விடியும்வரை அழுதவள் நான். இன்று அதையே எடுத்து என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெண்கள் சங்கக் கூட்டங்களில் நானும் எழுந்து கதைப்பதுண்டு. பெண் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் எடுத்த முடிவுகளில் எவை உண்மையில் என்னுடையவை என்று ஒருநாளும் இருந்து யோசித்ததில்லை. அன்று பானையைக் கழுவி முடிக்கும்வரை அதைத்தான் யோசித்தேன்.

எங்கள் வீடு வலிகாமத்தில் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு இருபது வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த இரவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் அதில் நடந்தவர்கள். 1996 இல் சனங்கள் திரும்பத் தொடங்கியபோது அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குத் திரும்பினார்கள். என்னைப் பெரியம்மா குடும்பத்தோடு கிளாலிக் கடலால் வன்னிக்கு அனுப்பினார்கள். குமர்ப்பிள்ளையை வைத்திருக்கப் பயம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பிறகு ஆறு வருடங்கள் பாதை இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இடைக்கிடை வரும் கடிதந்தான்.

மல்லாவியில் பெரியம்மாவின் கொட்டிலில் பதினொரு பேர் இருந்தோம். நான் முன்பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் நாலு மைல் சைக்கிள் ஓட்டம். பொருளாதாரத் தடைக் காலம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்போம். ரயரும் ரியூப்பும் கிடைப்பது அருமை. ஒட்டுப்போடும் சொலூசனைக் கண்டால் பவுண் கண்ட மாதிரி.

சந்தியில் ஒரு மரத்தின் கீழ் சைக்கிள் திருத்துபவர் ஒருவர் இருந்தார். என்னுடைய ரியூப் கிழமைக்கு இரண்டு தரம் காற்றுப் போகும். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ போனபோது அவர் வாளித் தண்ணீரையும் அரத்தையும் ஒட்டுத் துண்டையும் என் முன்னால் தள்ளி வைத்தார்.

"ரீச்சர், நீரே ஒட்டும். நான் சொல்லித்தாறன். வழியில காத்துப் போனால் என்ன செய்வீர்?"

எனக்குக் கோபம் வந்தது. காசு கொடுக்க வந்தவளிடம் வேலை வாங்குகிறாரே என்று நினைத்தேன். ஆனால் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, அரத்தால் தேய்த்து, சொலூசன் பூசிக் காயவிட்டு, ஒட்டைப் பதித்து அழுத்திய பிறகு, அந்த ரியூப் ஒரு மாதம் காற்றுப் போகவில்லை. நான் அவரை விரும்பத் தொடங்கியது அந்த மாதத்தில்தான் என்று நினைக்கிறேன்.

1999 இல் திருமணம் செய்தோம். பெரியம்மா சம்மதித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வருவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. இதுவரை நான் இதைச் சொல்லும்போதெல்லாம் "நானே தீர்மானித்த கலியாணம்" என்று பெருமையாகத்தான் சொல்லிவந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? பதினொரு பேர் இருந்த கொட்டிலில் எனக்கென்று உடுப்பு மாற்றவும் ஒரு மூலை இருக்கவில்லை. பெரியம்மாவுக்கு நான் பாரம் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். செல் விழுந்து யார் எப்போது இருப்பார், இல்லாமற் போவார் என்று தெரியாத நாட்களில், எங்களைச் சுற்றி எல்லோரும் அவசரம் அவசரமாகத் திருமணம் செய்தார்கள். என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் செய்தார்கள் என்பதும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில், அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்திருந்தால், அவர் எந்த ஊர், எந்தப் பகுதி என்ற கேள்விகளுக்கு முன்னால் நான் வாய் திறந்திருப்பேனோ தெரியாது. பாதை பூட்டியிருந்ததால் என் காதலுக்குப் பாதை திறந்தது என்று சொன்னால் பிழையில்லை.

அதற்காக அது காதல் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அவர் என்னை ஒருநாளும் "எடி" என்று கூப்பிட்டதில்லை. "நீர்" என்பதை விட்டிறங்கவில்லை. 2000 இல் மகள் பிறந்தபோது, துவைத்த துணிகளைச் சந்திக்கு எதிரிலேயே கொடியில் காயப்போட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "சிரிக்கட்டும், துணி காயுதல்லோ" என்றார்.

அம்மா வந்தது அதற்குப் பிறகு. மருமகனோடு அதிகம் கதைக்கவில்லை. ஆனால் திரும்பிப் போனதும் எனக்கென்று வைத்திருந்த இரண்டு பரப்புக் காணியை என் பேரில் உறுதி எழுதினார். இந்த அம்மாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது எனக்கு இன்றைக்கும் கஷ்டந்தான். வாயால் குத்துவார், கையால் கொடுப்பார்.

2003 இல் கிளிநொச்சியில் சிறிய கடை போட்டோம். ஐந்து வருடங்கள் நன்றாகவே இருந்தோம். 2008 இல் மறுபடி ஓட்டம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன். 2009 ஏப்ரலில் ஒரு காலை, என்னையும் மகளையும் பதுங்குகுழியில் இருத்திவிட்டுக் கஞ்சி வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

செட்டிக்குளம் முகாமிலிருந்து 2010 இல் அம்மாவின் வீட்டுக்கு வந்தேன். இங்கிருந்துதான், நாளாந்தம் யாரோ எனக்காகத் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் என் மீது இரக்கப்பட்டவர்களே. அதுதான் சிக்கல். எதிரி சொன்னால் எதிர்க்கலாம். சோறு தந்தவர்கள் சொன்னால் என்ன செய்வது?

பொட்டை எடுங்கள். ஒரு சின்ன ஒட்டுப்பொட்டு. நான் குங்குமம் வைத்தால், "மனுசன் எங்கயெண்டு தெரியாமல் இவளுக்கு ஒரு எடுப்பு" என்பார்கள். வைக்காமல் விட்டால், "ஓ, இவளே முடிவெடுத்திட்டாள்" என்பார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கு, எந்த ஆணைக்குழுவும் பதில் சொல்லாத கேள்விக்கு, ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் என் நெற்றியில் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மிளகளவு கறுப்புப் பொட்டு வைக்கத் தொடங்கினேன். அது அதுவுமில்லை, இதுவுமில்லை. பதினைந்து வருடங்களாக அதையே வைக்கிறேன். இது என்னுடைய தெரிவா, சனத்துக்குப் பயந்த சமாளிப்பா என்று கேட்டால், இரண்டும்தான்.

மச்சாளின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது, ஆலத்தி எடுக்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நானும் எழும்பினேன். "நீ குசினிப் பக்கம் ஒருக்காப் பார் பிள்ளை, ஆக்கள் காணாது" என்றார் மாமி, மிகவும் அன்பாக. குசினியில் ஆறு பேர் இருந்தார்கள்.

வாழ்வாதார உதவி கொடுக்க வந்த ஒரு நிறுவனத்தினர் என்னை விசாரித்தபோதும் அப்படித்தான். தையல் மெசினா, கோழியா, ஆடா என்று மூன்றைச் சொன்னார்கள். எனக்குச் சைக்கிள் திருத்தும் சாமான்கள் வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டிருந்த தம்பி பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, அது பொம்பிளையளுக்குச் சரிவராது. எங்கட படிவத்தில அப்பிடி ஒரு இடமும் இல்லை." படிவத்தில் இடமில்லாத காரணத்தால் தையல் மெசினை வாங்கினேன். எனக்குத் தையல் வராது. இரண்டு வருடம் பாவாடைக்கு விளிம்பு மடித்துத் தைத்துப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் நிவாரண மெசின் நாலு இருந்தது. எல்லோரும் ஒரே பாவாடையைத் தைத்தோம்.

2012 இல் அந்த மெசினை விற்றேன். அந்தக் காசில் காற்றடிக்கும் பம்ப் ஒன்று, சாவிகள், அரம், சொலூசன், கொஞ்ச ரியூப், செயின் என்று வாங்கி வேலியோர வேப்பமரத்தின் கீழ் வைத்தேன். அம்மா மூன்று நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து, "நிலத்தில இராதை, ஈரம்" என்று விரித்துவிட்டுப் போனார்.

முதலில் பாடசாலைப் பிள்ளைகள்தான் வந்தார்கள். அதிலும் பெண்பிள்ளைகள். சந்திக் கடையில் ஆண்கள் நிற்பதால் அங்கே போக அவர்களுக்குக் கூச்சம். நான் ஒட்டிக் கொடுப்பேன். விருப்பமான பிள்ளைகளுக்கு வாளியைத் தள்ளி வைத்து, "நீயே ஒட்டு" என்பேன். இது யாருடைய சொல் என்பதை அவர்களுக்கு நான் சொன்னதில்லை.

இனிக் காணி விசயம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் என் நிலையில் இருப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

2017 இல், மரத்தடியை விட்டு ஒரு சீமெந்துக் கடையறை கட்ட வேண்டும், எடுத்த கடனையும் அடைக்க வேண்டும் என்று இரண்டு பரப்பில் ஒன்றை விற்க நினைத்தேன். வாங்க ஆள் வந்தார். உறுதியோடு நொத்தாரிசிடம் போனோம். அவர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காணி உங்கட பேரிலதான். ஆனால் விற்கிறதெண்டால் அவற்ற கையெழுத்து வேணும்" என்றார்.

"அவர் காணாமற் போனவர் ஐயா."

"அப்ப மரணச் சான்றிதழ்?"

"எடுக்கேல்லை."

அன்றுதான் சட்டத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். வடமாகாணத் தமிழர்களுக்குரிய தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில், 1706–1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அந்தக் காலத்திலேயே எங்கள் பெண்களுக்குச் சீதனக் காணி சொந்தமாக இருந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். பின்னர் வந்த 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டமும் மனைவியின் சொத்து மனைவிக்கே என்றுதான் சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. நகை, மாடு போன்ற அசையும் சொத்தை அவள் தன் எண்ணப்படி விற்கலாம். காணி, வீடு என்றால் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுதுவதற்கு மட்டும் அந்தச் சம்மதம் தேவையில்லை.

"அப்ப நான் செத்தாப் பிறகு எனக்குச் சுதந்திரம்" என்று சொல்லிச் சிரித்தேன். நொத்தாரிசு சிரிக்கவில்லை.

வீதியில் நடந்து வரும்போதுதான் அழுகை வந்தது. "நீரே ஒட்டும்" என்று சொன்ன மனிதர். ஒருநாளும் என் கையைப் பிடித்து நிறுத்தாத மனிதர். அவருடைய கையெழுத்து இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாதென்று, அவர் இல்லாத நேரத்தில் அவர் பேரில் யாரோ சொல்கிறார்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே வழியைத்தான் சொன்னார்கள். மரணச் சான்றிதழை எடு. போரில் காணாமற் போனவர்களின் இறப்பைப் பதிவு செய்வதற்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது; அப்போதே விதானையார் வந்து சொல்லிவிட்டுப் போனவர்தான். அம்மா சொன்னார். கனடாவிலிருக்கும் தம்பி ரெலிபோனில் சொன்னான்: "அக்கா, அது ஒரு பேப்பர். பேப்பரால அத்தான் சாகப்போறாரே?" அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படிச் சான்றிதழ் எடுத்த சகோதரிகளை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குச் சோறு போடுவதற்காக எடுத்த பேப்பர் அது. ஆனால் அந்தப் படிவத்தில் "இறந்த திகதி" என்ற இடத்தில் நான் என்ன எழுதுவது? அவர் கஞ்சி வாங்கப் போன திகதியையா?

நான் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் சட்டத்தரணி அந்த 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இன்னொரு வாசல் இருப்பதைச் சொன்னார். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருவரும் சம்மதித்துப் பிரிந்திருந்தால், அவர் இரண்டு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தால், சித்தசுவாதீனம் அற்றவரானால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அனுமதி பெறலாம். "இருக்குமிடம் தெரியாதிருந்தால்" என்ற இடத்தில் அவரை நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னேன். நூறு வருடங்களுக்கு முன்னர் எழுதிய சட்டத்தில் என் நிலைக்கு ஒரு வரி இருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று நான் பொய்யோ மெய்யோ சொல்லத் தேவையில்லை. எங்கே என்று தெரியாது என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும். ஆள் காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றையும் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கொண்டுவந்திருந்தது. அதையும் அவர்தான் சொல்லித் தந்தார்.

இது சுகமான வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. தவணைக்குப் போகும் நாளெல்லாம் கடை பூட்டு. முதலில் வந்தவர் வேறு காணி வாங்கிவிட்டார். 2019 இல் கட்டளை கிடைத்து, வேறொருவருக்குக் குறைந்த விலைக்கே விற்றேன். தம்பி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான். பணக்கணக்கில் நான் தோற்றேன் என்பது சரி. ஆனால் என் வாழ்நாளில் எல்லோரும் ஒன்று சொல்ல, நான் வேறொன்றைச் செய்து, கடைசிவரை அதில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

கடையறை கட்டி மூன்று வருடத்தில் 2022 வந்தது. பெற்றோலுக்கு வரிசையில் சனம் நாட்கணக்கில் நின்றது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வீட்டில் படுத்தன. கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்த பழைய லுமாலா சைக்கிள்களைத் தட்டித் துடைத்துக்கொண்டு எல்லோரும் என்னுடைய கடைக்கு வந்தார்கள். பாடசாலை அதிபர் வந்தார், வங்கியில் வேலை செய்பவர் வந்தார். "பொம்பிளை கடை வைக்கிறதோ" என்று 2012 இல் என் காதில் விழக் கதைத்த பெரியவர், ரியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் மூன்றாவதாக நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காசு மட்டும் கொஞ்சம் கூட எடுத்தேன்.

எழுதத் தொடங்கிய விசயத்துக்கு வருகிறேன். "சனம் என்ன கதைக்கும்" என்று நான் கேட்டதும் மகள் உடனே பதில் சொன்னாள்.

"நீங்கள் அப்பாவைக் கட்டேக்க சனம் எங்கயம்மா இருந்தது?"

"பாதை பூட்டிக் கிடந்தது" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்போடு விசயம் முடிந்துவிடவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சனத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு நான் மறைத்தது என்னுடைய மனத்தையே. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களை எங்கள் ஆட்கள் ஒரு சொல்லால் குறிப்பிடுவார்கள். அந்தச் சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை, உங்களுக்கே தெரியும். அந்தச் சொல் அன்று காலை என் வாயில் வரவில்லை, ஆனால் நெஞ்சில் வந்தது. வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். செட்டிக்குளத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. எனக்குக் காய்ச்சலாக ஐந்து நாள் கிடந்தபோது, அந்த அக்காதான் தண்ணீர் வரிசையில் தன் வாளியோடு என்னுடைய வாளியையும் வைத்து இழுத்தவர். என் மகளுக்குத் தலை இழுத்தவரும் அவர்தான். முகாமை விட்டு வந்த பிறகு அவரை நான் ஒருநாளும் தேடவில்லை. நினைத்தது கூட இல்லை.

மகள் தெரிந்தெடுத்ததும் முழுக்க முழுக்க அவளுடைய புத்தி மட்டுந்தான் என்று சொல்ல மாட்டேன். தகப்பனில்லாமல் வளர்ந்த பிள்ளை ஆதரவான ஒரு சொல்லுக்கு இளகியிருக்கலாம். கைத்தொலைபேசியில் பார்க்கிற படங்களும் நாடகங்களும் அவளுக்குக் காதலைப் பற்றி என்னென்னவோ சொல்லிக் கொடுத்திருக்கும். எனக்குக் கொட்டிலும் செல்லும் சொல்லிக் கொடுத்த மாதிரி. அதனால் இரண்டு நாள் கழித்து, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். சம்பளம் யார் கையில் இருக்கும்? வேலையை விடச் சொல்வாரா? கோபம் வந்தால் என்ன செய்வார்? நீ பார்த்திருக்கிறாயா? அவள் சிலவற்றுக்குப் பதில் சொன்னாள். சிலவற்றுக்கு, "அது நான் கேக்கேல்லை" என்றாள். "கேட்டுக்கொண்டு வா" என்று அனுப்பினேன்.

கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கலியாணத்தின் பிறகு கிளிநொச்சியிலேயே தாயோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பமாம். அது இன்னும் கதைத்து முடியவில்லை. அவளும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

காணி விசயத்தையும் நொத்தாரிசிடம் கேட்டுப் பார்த்தேன். பெண் தேசவழமைக்கு உட்பட்டவளா என்பதைக் கூட, கலியாணத்தின் பிறகு கணவன் அதற்கு உட்பட்டவனா என்பதை வைத்தே 1911 ஆம் ஆண்டுச் சட்டம் தீர்மானித்தது என்றார். பிறந்தது, வளர்ந்தது, காணி இருப்பது எல்லாம் இங்கே. எந்தச் சட்டம் என்பது மட்டும் மாப்பிள்ளையைப் பொறுத்தது. மகளிடம் சொன்னேன். "அப்ப அந்த ஒரு பரப்பு உங்களிட்டயே இருக்கட்டும் அம்மா. கடைக்குப் பின்னால மரவள்ளி நடுவம்" என்றாள்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். அவரிடம் நானே சொன்னேன், கொஞ்சம் சத்தமாக, அயலுக்கும் கேட்கிற மாதிரி. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொடியன் சாப்பாட்டில மச்சம் தின்னுமோ?" என்று கேட்டார். தின்பார் என்றேன். "அப்ப வாற ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கு" என்றார். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் என்ன சொல்வான் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பொடியனும் தாயும் வந்தார்கள். தாய் செட்டிக்குளத்தில் எந்தப் பகுதி முகாமில் இருந்தவர் என்று கேட்டேன். வேறு பகுதி. எனக்குத் தெரிந்த அக்காவை அவருக்குத் தெரியாது. எங்கே குடியிருந்திருப்பார் என்று விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். வந்த மோட்டார் சைக்கிளின் பின் சில்லில் காற்றுக் குறைவாக இருந்தது. பொடியன் பம்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, தானே எடுத்து அடித்தார். அடித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.